நூறு பேரில் லூபே அத்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நம் வவாவு தீவில் மழை விட்டதா? நான் சுகம், ஆக்லாந்துக் குளிரில் மூக்கு மட்டும் ஒழுகுகிறது.

இங்கே நம் சபையில் பாடும் லூபே அத்தைக்கு மார்பில் வேகமாகப் பரவும் வகைப் புற்றுநோய். அவர் எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன். அறுவை முடிந்து, மேல்சிகிச்சைக்கு என்னிடம் வந்தார்.

"எழுபத்தெட்டு வயசுல எதுக்கு டாக்டர் கீமோ? அம்மாவ நிம்மதியா விடுங்க" என்றார் மகன் சியாலே.

வயதை மட்டும் பார்த்தால் நானும் தயங்கியிருப்பேன். ஆனால் அவரை நடக்கவிட்டுப் பார்த்தேன், இதயத்தைச் சோதித்தேன், எல்லாவற்றையும் கணினியில் இட்டேன். இவரைப் போன்ற நூறு பேரில், கீமோ இல்லாமல் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐம்பது பேர் உயிரோடு இருப்பார்கள், கீமோ எடுத்தால் அறுபது பேர் என்று வந்தது.

"நீங்க எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியாது அத்தை" என்றேன்.

"எனக்குத் தெரியும்டி. அந்த அறுபது பேருக்கும் நான்தான் பாட்டு சொல்லிக்குடுப்பேன். மருந்தப் போடு! டேய் சியாலே, அதுக்குள்ள நான் பின்னிச் சேர்த்துவச்ச பாயெல்லாம் பங்கு போட்டுடாத!"

சியாலே சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

நேற்று முதல் மருந்து நல்லபடியாக ஏறியது. அப்போது அத்தை கேட்டார்: "உங்கம்மா மார்ப எப்போ சோதிச்சுப் பார்த்தா?"

நீங்கள் எப்போதாவது சோதித்துக்கொண்டீர்களா, அம்மா?

பூ வாசனை எண்ணெய் ஒரு குப்பி அனுப்புங்கள், ஊர் ஞாபகத்துக்கு என் தலையணையில் தடவிக்கொள்ள. ஆனால் முதலில் மார்பைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்கம் வேண்டாம், இந்த வாரமே. வார்டில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
லெசியெலி