நீ வரையாமல் விட்ட இறக்கம்

அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய மாப்பிள்ளை ஞானமுத்து,

உன்னைப் பற்றி நல்லது சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கோயிலில் உபதேசியார் சொல்கிறார், தேயிலை பாக்டரியில் கணக்கப்பிள்ளை சொல்கிறார், தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சொல்கிறார்கள். அதனால் அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இதை ஒரு பத்திரிகைக்காரரிடம் கொடுத்து அச்சில் போடச் சொல்லப்போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். உன்மேல் எனக்குப் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது, இப்போது அதைவிட அதிகம்.

செத்தவன்மேல் என்னப்பா பொறாமை என்று கேட்பார்கள். கேட்கட்டும். அவர்களுக்கு உன்னைப்போல ஒரு தங்கச்சி புருஷன் வாய்த்திருக்க மாட்டான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னாம். நீ யானையாகவே போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் இங்கே பூனையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நாம் இரண்டு பேரும் மூணாறு மலையில் பாக்டரியில் தேயிலைப் பெட்டிகளின்மேல் தோட்டத்து மார்க் எழுதுகிறவர்கள். கறுப்பு மை, பட்டைத் தூரிகை, ஒரே எழுத்து, ஒரே கட்டம். அந்தப் பெட்டிகளை லாரியில் பார்த்துவிட்டுத்தான் நாச்சிமுத்து மாஸ்டர் நம்மைத் தேடி வந்தார். கோயம்புத்தூர்ப் படக்கம்பெனிக்காகப் பொம்மைப்படம் போடுகிறவர். சித்திரபுரத்தில் கரண்டு வேலையில் இருந்த தன் மச்சினன் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், விருந்தைவிட்டு நம் பாக்டரி வாசலில் நின்றார். இவ்வளவு சுத்தமாகக் கோடு இழுக்கிற ஆட்கள் யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ கையைத் தூக்கிவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வகுப்பு. சித்திரபுரத்தில் தகரக் கொட்டகை. நாம், பாக்டரி ஆசாரி, கரண்டு வேலைக்காரர்கள் கொஞ்சம் பேர். பெட்டிப் பலகையில் இரண்டு ஆணி, தாளில் இரண்டு துளை, நடுவில் கண்ணாடி, அடியில் அரிக்கேன் விளக்கு. கீழ்த்தாளின் படம் மேல்தாளில் தெரியும். அதைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்ததை வரைய வேண்டும். கட்டாக வைத்து விரலால் சரசரவென்று புரட்டினால் பொம்மை அசையும். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாளை விளக்குக்குப் பின்னால் வைத்தால் வெளிச்சம் கூடும் என்று கண்டுபிடித்தது நான். அதையும் நீ கண்டுபிடித்ததாகத்தான் மாஸ்டர் இன்றைக்கும் சொல்கிறார். நீயும் ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாய்.

முதல் பாடம், ஒரு மனுஷன் நடக்க வேண்டும். அவ்வளவுதான். எல்லோரும் வரைந்து கொடுத்தோம். மாஸ்டர் ஒவ்வொரு கட்டாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நம் ஆட்கள் வரைந்த மனுஷர்கள் எல்லோரும் இடுப்பை முன்னால் வளைத்து, முழங்காலை நெஞ்சுக்குத் தூக்கி, கையைத் தொடையில் ஊன்றி நடந்தார்கள். தரையோ நேர்க்கோடாகக் கிடக்கிறது. ஆசாரியின் மனுஷன் மூச்சுகூட வாங்கினான். உங்கள் ஊரில் ஒருத்தனும் சமதரையில் நடக்கமாட்டானா என்று மாஸ்டர் கேட்டார். நாம் பிறந்ததிலிருந்து பார்த்தது மேட்டில் ஏறுகிற ஆளைத்தானே, நமக்கு அது தப்பு என்றே தெரியவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாஸ்டர் வரைந்து காட்டிய நடையை வாங்கிவந்து, அடுத்த வாரத்துக்குள் முதுகு நிமிர்ந்து, கை வீசி, ஒரு பிசிறு இல்லாமல் நடக்கிற மனுஷனைப் போட்டுக் கொண்டுபோனேன். நீ? பழைய வளைந்த மனுஷனையே கொண்டுவந்தாய். முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்திருந்தாய். மாஸ்டர் ஏன் என்று கேட்டதற்கு, “சமதரைய நான் எங்க பாத்தேன்யா? தெரியாதத எப்படி வரைய?” என்றாய். உன் திமிர் எனக்குத் தெரியும், அன்றைக்கு வகை தெரியாமல் மாட்டிக்கொண்டாய் என்று நினைத்து நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அவர் உன் கட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். தரைக்கோடு ஒன்றைச் சாய்வாகக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் புரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “தப்பா நெனைக்காதீங்க. உங்க பொம்ம நல்லா நடக்குதுங்க. அவரோட பொம்மைக்கு எங்கியோ போவோணும்” என்றார்.

இந்த வார்த்தை இருக்கிறதே, மாப்பிள்ளை, இதை நான் எத்தனை தடவை மனசுக்குள் புரட்டியிருக்கிறேன் தெரியுமா? கம்பெனிக்கு ஒரு ஆளைத்தான் கூட்டிப்போக முடியும் என்றார். அது நீ. தங்கச்சி ரோசம்மாள் அன்றைக்குக் கோழி அடித்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அண்ணே, நீயும் நல்லாத்தான் வரையிறே என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். கூடப்பிறந்தவள் சொன்ன ஆறுதலைவிட உன் மாஸ்டர் சொன்னதே தேவலை என்று இருந்தது.

புறப்படுவதற்கு முன்னால் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வண்டன்மேட்டுக்குப் போனாய். ஏலக்காட்டுக் காய்ச்சலோடு திரும்பினாய். ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக்கொண்டே, மாஸ்டருக்குச் சொல்லிவிடு மச்சான், ஒரு வாரம் தாமதமாகும் என்றாய். சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரம் நீ இருக்கவில்லை. இதில்கூட என்னை முந்திக்கொள்ள வேண்டுமா?

மாஸ்டரிடமிருந்து ஆள் வந்தது. அவன் இல்லாவிட்டால் அவன் மச்சானாவது வரட்டும் என்று சொல்லியிருந்தார். மச்சானாவது! அந்தச் சொல்லைத் தலையில் கட்டிக்கொண்டுதான் போடிக்கு இறங்கி ரயில் ஏறினேன்.

இப்போது இருப்பது கொழிஞ்சாம்பாறையில். படம் பிடிப்பது கோயம்புத்தூரில், வரைகிற வேலையெல்லாம் இங்கே மாஸ்டரின் மாமனார் ஊட்டில். பார்த்தாயா, வீட்டை ஊடு என்று எழுதுகிறேன், இந்த ஊர் ஒட்டிக்கொண்டது. பனைமரமும் கடலைக்காடுமாக எங்கே பார்த்தாலும் தட்டையாகக் கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலைத் திறந்தால் ஒரு கட்டுத் தாளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். லீவில் ரோசம்மாளோடு இங்கே வந்துபோகிற உன் மகள் ஸ்டெல்லா என்னை மாமா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். எதை நீட்டினாலும் இடது கையால்தான் வாங்குகிறாள். யாரைக் கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வேண்டுமா?

இங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போது வகுப்பு எடுப்பது நான். கல்பாத்தித் தெருவிலிருந்து தேருக்கு வர்ணம் தீட்டுகிற ஒரு ஐயர் வருகிறார், பக்கத்துச் சித்தூரில் சைன்போர்டு எழுதுகிறவர் வருகிறார், எல்லாம் என் வயசு ஆட்கள். முதல் பாடத்துக்கு மாதிரியாக எதை வைக்கச் சொல்கிறார் மாஸ்டர்? உன் கட்டை. ஒவ்வொரு தடவையும் நான்தான் அதை அவிழ்த்து, தாள் ஓரம் மடங்காமல் ஆணியில் மாட்டி, இதைப் பாருங்கள், ஞானமுத்து என்று ஒருவர் வரைந்தது என்று சொல்ல வேண்டும். அவர்களும் ஆகா என்பார்கள். இந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஐயர் கேட்டார். மேலே போய்விட்டார் என்றேன். மூணாறுக்கா என்றார். ஆமாம் என்று விட்டுவிட்டேன்.

நான் வரைந்ததில் நாளைக்கே ஒரு கோடு கோணலாம். கை நடுங்கலாம், மாஸ்டர் கிழித்துப் போடலாம். உனக்கு அந்தக் கவலையே கிடையாது. இனி ஒரு மோசமான படம் நீ வரையவே மாட்டாய். இப்படி ஒருத்தனோடு எப்படியப்பா போட்டி போடுவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி முதல்முதலாக ஒரு சின்னப் பொம்மைப்படம் எடுக்கிறது. பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவார்களாம். கதை இதுதான்: ஒருவன் உப்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறி விற்கப் போகிறான். மேலே ஒருவரும் வாங்கவில்லை. அதே மூட்டையோடு இறங்கி வருகிறான். ஏறுகிறதுக்கு உன் நடை என்று மாஸ்டர் முதல் நாளே முடிவு செய்துவிட்டார். மூட்டையை மட்டும் நான் சேர்த்து வரைய வேண்டும். உன் மனுஷனுக்குச் சுமைகூலியாக என்னை வைத்தாயிற்று.

இறங்குகிற இடம் வந்ததும் எல்லோரும் முழித்தார்கள். நீ இறக்கம் ஒன்றும் வரைந்து வைக்கவில்லை. ஐயர் ஒரு வழி சொன்னார், உன் கட்டையே கடைசியிலிருந்து முதலுக்குப் புரட்டினால் போதுமே என்று. புரட்டினோம். மனுஷன் மலைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினான், கிணற்றுக்குள் இறங்குகிறவன்போல. சைன்போர்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் நான் சொன்னேன், இறக்கம் நான் வரைகிறேன், எனக்குத் தெரியும் என்று. இரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது என்று நினைக்கிறேன்.

வரைந்தேன். மேட்டில் பிறந்தவனுக்கு இறக்கம் தெரியாதா? உடம்பு பின்னால் சாயும், முழங்கால் பூட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் மடங்கியே இருக்கும், முதலில் குதிங்கால் மண்ணைக் கவ்வும், பிறகுதான் பாதம் விழும். ஒரு தாளையும் நான் இரண்டாவது தடவை வரையவில்லை. கை தானாகப் போயிற்று. அப்படி எனக்கு முன்னே பின்னே நடந்ததே இல்லை. கட்டைப் புரட்டியபோது அந்த மனுஷன் இறங்கி வந்தான், பார், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. உன்னிடம் இல்லாதது ஒன்று என்னிடம் இருக்கிறது என்று மனசு குதித்தது. தப்பா அது?

மாஸ்டர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார், அப்படியே ஞானமுத்து கை என்று.

என் வயிறு எரிந்ததை இங்கே எழுதினால் தாள் பொசுங்கும். படத்தின் தொடக்கத்தில் ஒரு அட்டை வரும், நடை வரைந்தவர் இன்னார் என்று அதில் ஒரு வரிக்குத்தான் இடம். உன் பெயரைப் போட்டுவிடலாமா, செத்துப்போன ஆளுக்கு ஒரு மரியாதை என்று மாஸ்டர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ரோசம்மாள் அந்த வாரம் இங்கே வந்திருந்தாள். தோட்டத்தில் கொழுந்து குறைந்த மாசம், லீவு கொடுத்திருந்தார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலையறைக்கு வந்தாள். புருஷன் வரைந்ததைப் பார்க்கட்டும் என்று மாஸ்டரே கட்டை எடுத்துப் புரட்டிக் காட்டினார். ஏறுகிற உன் மனுஷனைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது, அதை நான் பார்த்தேன். அடுத்து இறங்குகிறதையும் புரட்டினார். இதுவும் உன் வீட்டுக்காரர் நடைதானம்மா, உன் அண்ணன் அப்படியே பிடித்திருக்கிறார் என்றார்.

அவள் மறுபடி புரட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இது அவுக இல்லண்ணே, நீதான். அன்னைக்கு மழையில பெட்டிய எறக்கையில முன்னால எடப்பக்கம் நீதான தூக்கியிருந்தே. வழுக்கிரும்னு குதிங்கால ஊணி ஊணி வந்தே. என்னால பெட்டியப் பாக்க முடியல. ஒங்காலத்தான் பாத்துக்கிட்டே வந்தேன்.”

நான் அதை நினைத்து வரையவில்லை, மாப்பிள்ளை. சத்தியமாக இல்லை. நம் லயத்து வீட்டிலிருந்து கல்லறைவரைக்கும் அந்தச் சரிவில் உன்னை நாலு பேர் இறக்கினோம். மழையில் பாதை முழுக்கச் சேறு. வலது தோளில் உன் பெட்டி. கீழே விட்டுவிடக் கூடாது, விட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் என் நினைப்பு. அன்றைக்கு நான் அழக்கூட இல்லை, அழுதால் கால் இடறிவிடும். என் உப்புக்காரனின் கழுத்து ஏன் இடப்பக்கமே சாய்ந்திருக்கிறது என்று நான் ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை. கை மட்டும் மறக்காமல் வைத்திருந்திருக்கிறது.

பாவிப்பயலே. எனக்கென்று சொந்தமாக ஒன்று கிடைத்தது என்று நினைத்தேனே, அதிலும் சுமை நீதானா? வேலையறையில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். ரோசம்மாள்தான் மாஸ்டரிடம் சொன்னாள், எங்கண்ணன் பேரைப் போடுங்கள் என்று.

போடத்தான் போகிறேன். விட்டுக்கொடுத்துப் பெரிய மனுஷன் ஆவேன் என்று எதிர்பார்க்காதே. அட்டையில் செல்லையா என்ற பெயர்தான் வரும், நீ அங்கிருந்து பல்லைக் கடித்துக்கொள். வகுப்பில் உன் ஏற்றத்தை வழக்கம்போல மாட்டுவேன், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். அந்த இறக்கத்தை மட்டும் ஒருவருக்கும் மாதிரியாக வைக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அதை அப்படி வரைய வேண்டுமென்றால் அவர்களும் தங்கள் ஆள் ஒருவனைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். அது அவர்களுக்கு வேண்டாம்.

இன்னும் பொறாமை தீராத,
ரோசம்மாளின் அண்ணன், உன் மச்சான்
செல்லையா