கிற்றார் வாசிப்பது நான்தான்

நெடுங்கேணி
2007, புதன்

என் அன்பானவளுக்கு,

ஆஸ்பத்திரியில் சாப்பாடு பரவாயில்லையா? இங்கே கடை ஓடுகிறது.

நான் கிற்றார் பழகுகிறேன். சிரிக்காதேயும். அரிசி நிறுப்பதற்கும் மண்ணெண்ணெய் அளப்பதற்கும் இடையில், ஆள் வராத நேரம் பார்த்துத் தட்டுகிறேன். சனம் பார்த்துச் சிரிக்கிறது. பார்க்கட்டும், நாலு பேரிடம் சொல்லட்டும்.

இயக்கத்தில் சேர்க்க வீட்டுக்கொரு பிள்ளை கேட்டுத் திரிகிறவர்களில் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள்.

"முதலாளி, பின்னேரங்களில உங்கட வீட்டில கிற்றார் கேக்குதாம். ஆர் வாசிக்கிறது?"

"நான்தான் தம்பி. மகன் தாயோட வவுனியாவுக்குப் போகேக்க விட்டிட்டுப் போனது."

"உந்த வயசிலயோ! அப்ப வெள்ளிக்கிழமை வாறம். ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுங்கோ."

மகன் உம்மோடுதான் என்று நீரும் அங்கே சொல்லும். இதைக் கிழித்துவிடும்.

பழக்குகிறவர் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்துதான் பழக்குகிறார். வெயில் படாமல் முகம் வெளிறிவிட்டது. மூக்கு உம்முடையது, பொறுமையின்மையும் உம்முடையது. நான் ஒரு தந்தியைப் பிழையாகத் தட்டினால், கறியில் உப்புக் கூடினால் நீர் செய்வதுபோல, "ச்சு" என்று நாக்கைத் தட்டுவார். தன்னையறியாமல் வருகிறதாம். வாயில் துணியை வைத்துக்கொண்டு இருந்தும் இன்று கேட்டது.

மறைய வேறு இடமில்லை. அவர்கள் இருக்கப்போகும் கதிரைக்கும் அந்த மூட்டைகளுக்கும் நடுவே ஒரு பலகைதான்.

ஆகையால் நான் பிழைவிடக் கூடாது. இதை மடித்து வைத்துவிட்டு, அந்த ஒரு பாட்டைத் திரும்பவும் முதலிலிருந்து தட்டப்போகிறேன்.

உம்முடைய,
கடைக்காரன்