எறும்பு வீட்டில் பிறந்தது

அன்புள்ள அப்பா,

எறும்பு சமர்த்தா, குச்சிப்பூச்சி சமர்த்தா என்று கேட்டிருந்தீர்கள். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. முழங்கால் வலி குறைந்ததா என்ற என் கேள்விக்கு மட்டும் நீங்கள் பதில் எழுதவே இல்லை.

எறும்பு ஒரு நொடி சும்மா இருக்காது. குச்சிப்பூச்சியோ காய்ந்த குச்சிபோல நாள் முழுக்க அசையாது. விதை மாதிரி முட்டைகளை உதிர்த்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காது. முட்டையின் நுனியில் உள்ள குமிழுக்காக எறும்பு அதைக் கூட்டுக்கு இழுத்துப் போகும். குமிழை மட்டும் தின்றுவிட்டு முட்டையை விட்டுவைக்கும் என்பது என் கட்சி. ஐந்து மாதமாக எறும்புக் கூட்டைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து, அந்த முட்டைகள் பொரிவதற்காகக் காத்திருக்கிறேன்.

"உள்ள போன முட்டையெல்லாத்தையும் எறும்பு எப்பவோ ஏப்பம் விட்டிருக்கும் மேடம். நாளைக்குச் சாயந்திரம் தொட்டியக் காலி பண்ணிடுங்க," என்றார் ஆய்வு நிலையத் தலைவர்.

"சாயந்திரம்தானே சார்?" என்றேன்.

எறும்பு கடித்துக் கை லேசாக வீங்கியிருக்கிறது. எழுத்து கோணியதற்கு அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே ஒரு பக்கம் கையால் எழுதி வையுங்கள். போனில் பேசியதைத் திரும்பப் படிக்க முடிவதில்லை. தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்

மறுநாள்: வண்டியைத் தவறவிட்டது நல்லதாயிற்று. காலை ஒன்பதே காலுக்கு எறும்புக் கூட்டிலிருந்து ஒரு குச்சிப்பூச்சிக் குஞ்சு வெளியே வந்தது. எறும்பைப் போலவே குடுகுடுவென்று ஓடியது. தலைவர் மண்டியிட்டுப் பார்த்து, "அடேயப்பா, எறும்பு பிரசவம் பார்த்திருக்கே!" என்றார். சாயந்திரத்துக்குள் ஏழு குஞ்சுகள். தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.