இடப்பக்கத்து சீட்

ரோஸ்லெட்,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. மீன் வாங்க குளச்சல் போகிறேன். புட்டு அடுப்பில் இருக்கிறது. பயறுக்கு உப்பு குறைவு. கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வை.

கூரை திறக்கும் அந்த இரண்டு சீட் பழைய காரை வாங்கி மூன்று மாதமாகிறது. முகத்தில் அடிக்கும் காற்றுக்காகத்தான் வாங்கினேன். நீ ஏறியது ஒரே ஒரு ஞாயிறு. முக்காடு கழுத்தில் சுற்றி, தலை கலைந்து நீ இறங்கியதைப் பார்த்து சர்ச் வாசலில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நீ ஆட்டோவில் போகிறாய், நான் தனியாகப் பின்னால் வருகிறேன்.

உன் சீட்டில் சாளை மீன் பையை வைத்தால், பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்துகிறது. அதனால் தினமும் மீனுக்குப் பெல்ட் மாட்டுகிறேன். நேற்று மீன்காரி சூசம்மா, "அண்ணே, அக்காவுக்குப் பதிலா சாளையையா இருத்திக் கொண்டு போறிய?" என்றாள். சந்தையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞானசெல்வம்

சொல்ல மறந்தது: உன் சீட்டை சோப்பு போட்டுத் துடைத்துவிட்டேன். இனி மீன் டிக்கியில்தான் வரும்.

இன்னொன்று: நாளை ஞாயிறு. கார் கூரையை மூடிக்கொண்டு நம் வீட்டு வாசலில் நிற்பேன். நீ வெளியே வருமுன் ஆட்டோ வந்துவிட்டால் நீ ஏறிப் போ. நான் பின்னாலேயே வருகிறேன்.