கேட்டைத் தாண்டாத போன்

கேட்டைக் காத்த என் பிரியமான மாப்பிள்ளைக்கு,

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் நீ உட்கார்ந்திருந்த ஸ்டூல் காலியாகத்தான் கிடக்கிறது. நீ மாரடைப்பில் போன பிறகு வேறு ஆள் போடவில்லை, கேமரா போட்டிருக்கிறார்கள். கேமரா பார்க்கும், சரி. மடியைத் தடவி பீடி, தீப்பெட்டி, போன் எல்லாவற்றையும் பிடுங்கி வைக்குமா? அந்த வேலையும் போர்மேன் வேலையோடு சேர்ந்து என் தலையில் விழுந்திருக்கிறது.

இந்தக் கூத்தைக் கேள். சின்ன முதலாளி இந்த சீசனுக்கு அட்டென்டன்ஸ் போட ஒரு ஆப் கொண்டுவந்தார். அவரவர் வேலை பார்க்கும் ரூம் வாசலில் நின்று, அவரவர் போனில் முகத்தைப் படம் எடுக்க வேண்டுமாம். கேட்டில் நின்று எடுத்தால் இடம் தப்பு என்று சொல்லிவிடும். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் போகக் கூடாது என்று அதைச் செய்தவர்களுக்கு ஒருத்தர்கூடவா சொல்லவில்லை? ஆப் செய்த சென்னைக் கம்பெனிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். போன் இல்லாமல் எப்படி சார் வேலை பார்ப்பார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார் ஒருவர். எனக்கு வந்த எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

நான் யாரையும் போனோடு உள்ளே விடவில்லை. மொத்தக் கம்பெனிக்கும் ஆப்சென்ட் விழுந்தது. அட்டென்டன்ஸ் குறைந்தால் தீபாவளி போனஸ் குறையும், சனம் சும்மா இருக்குமா? ஆப்பை யாரும் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார்கள். முதலில் ஆரம்பித்தது உன் பொண்டாட்டி, என் கூடப்பிறந்தவள்.

"ஏண்ணே, படத்த எடுத்துட்டு அணைச்சிருதோம், அம்புட்டுதான? பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டாமா?"

அவள் உட்காருவது வெடிமருந்து அடைக்கிற ரூமில். அங்கே ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கா தெரியாது? தெரிந்துகொண்டே கேட்கிறாள் என்பதுதான் என் ஆத்திரம்.

மறுநாள் சின்ன முதலாளியே போனும் கையுமாக வந்துவிட்டார். ரூம் ரூமாகப் போய் எல்லாரையும் தானே படம் எடுக்கப் போகிறாராம். என் கை தானாக நீண்டது. பெரிய முதலாளியிடமே நீ நீட்டுவாயே, அதே மாதிரி.

"போனை இங்கன குடுத்துட்டுப் போங்க."

"அஞ்சே நிமிசம், அண்ணாச்சி. நான் முதலாளிங்கிறது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு முதலாளி. உள்ள என் தங்கச்சி இருக்கா, அதுவும் ஞாபகம் இருக்கு."

முறைத்துக்கொண்டே கொடுத்தார். சீசன் முடியட்டும், உங்களைக் கவனித்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை. போனஸைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. தங்கச்சி என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

இன்னொன்றையும் கேள். பழைய பெயர்களை அப்படியே ஆப்பில் ஏற்றியிருக்கிறார்கள், அதில் நீயும் இருக்கிறாய். சாயங்காலம் ஆனால் என் போனுக்குச் செய்தி வருகிறது. நீ வரவில்லை, நான் வரவில்லை, என் தங்கச்சி வரவில்லை. செத்துப்போன உன்னையும் மருந்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற எங்களையும் அது ஒன்றாகவே வைத்திருக்கிறது. உன் பெயருக்குக் கீழே அவள் பெயரைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். நேரே அவள் வீட்டுக்குப் போய் நிற்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு டம்ளர் டீயை மட்டும் முன்னால் வைக்கிறாள்.

நான் அங்கே இருக்கிற வரைக்கும் எந்தப் போனும் உன் கேட்டைத் தாண்டாது. அவள் என்னோடு பேசாவிட்டால் போகட்டும், தினமும் வீடு வந்து சேரட்டும்.

இப்போதைக்குப் போர்மேனாகவும் இருக்கிற,
உன் மச்சான்