ஒரு வகுப்பு, இரண்டு டீச்சர், பதினெட்டு வீடு

செப்டம்பர் 15, திங்கள்

பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கு நான் தலைவி. போட்டியே இல்லை. "யாராவது?" என்று தலைமையாசிரியர் ஆர்விஸ் கேட்டார். எல்லோரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். ஏன் தூக்கினேன்? தெரியவில்லை. திரும்பி வரும்போது காரில் தனியாகப் பாட்டு வேறு. முப்பத்தெட்டு வயதுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

முதல் வேலையே என் மகள் இன்காவின் வகுப்பு. இரண்டாம் வகுப்புக்கு இந்த வருடம் இரண்டு டீச்சர்கள். திங்கள், செவ்வாய், புதன் காலை நாடின் டெல்வெக்கியோ. புதன் மதியத்திலிருந்து வெள்ளி வரை ரோஷெல் பூஷே. ஒரு வேலை, ஆளுக்குப் பாதி. ஜனவரி வரை சோதனை. அதற்குப் பிறகு தொடரலாமா என்று கல்வி வாரியம் முடிவு செய்யும். அதற்குமுன் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தர வேண்டியவள் நான்.

நான் என்ன நினைக்கிறேன்? ஒரு உறையில் இரண்டு கத்தி. அவ்வளவுதான்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்காவுக்குப் புதுக் கண்ணாடி. முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லி செவ்வாய்க்கிழமையே நாடினிடம் சொன்னேன். இன்று போய்ப் பார்த்தால் கடைசி வரிசை. ரோஷெலுக்குத் தெரியவே தெரியாது. "எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள், முகம் சிவந்து. நான் ஒன்றும் சொல்லாமல் வந்தேன். காரில் நிறையச் சொன்னேன்.

பிள்ளைகள் அதற்குள் பிழைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு கிடையாது என்று நாடின் சொன்னதாக ரோஷெலிடம். மேஜைக்கு அடியில் படுத்துப் படிக்கலாம் என்று ரோஷெல் சொன்னதாக நாடினிடம். இரண்டுமே யாரும் சொல்லாதது. இதைச் சொல்லும்போது இன்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திட்ட வாயைத் திறந்தேன், நானும் சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

விஷயம் வெளியே வந்துவிட்டது. ரோஷெலுக்கு எட்டு மாதக் குழந்தை, அதனால் பாதி வாரம். அதில் யாருக்கும் குறையில்லை. நாடின்? கர்லிங். பனித்தரையில் கல்லை வழுக்கிவிடுகிற ஆட்டம். மாகாணப் போட்டிக்குத் தயாராகிறாளாம்.

பள்ளி வாசலில் கோர்டன் ஸ்டிக்கில் கொதித்துக்கொண்டிருந்தார். அவருடைய இரட்டைப் பெண்கள் இன்காவின் வகுப்பு.

"குழந்தைக்குப் பால் குடுக்கப் போறேன்னா சரி. கல்லு தள்ளப் போறேன்னு என் பிள்ளைங்களை விட்டுட்டுப் போறதா? நீங்கதானே தலைவி? கேளுங்க."

கேட்கிறேன் என்றேன். என்ன வீரம்.

அக்டோபர் 4, சனி

வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். தாளில் கேள்வி கொடுத்தால் பைக்குள் கசங்கிப்போகும். நேரில் போனால் பதில் வரும்.

ஆறு வீடு. ஆறு காபி, மூன்று வகை கேக், ஒரு வீட்டில் மீன் சூப். ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நின்று எல்லோருடைய இருமலும் மூட்டுவலியும் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. மிக்கோலா வீட்டில் சமையலறை முழுக்க ஊதா நிறம். யாருக்குத் தெரியும்?

கருத்துகள் (மறப்பதற்குள்):

மிக்கோலா: ஒரு டீச்சருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி வருவாள், தெரியாத ஆள் வரமாட்டார். நல்லது.

பெரி குடும்பத்து அம்மா: யாரிடம் புகார் சொல்வது என்றே தெரியவில்லை. புகார் என்ன என்று கேட்டேன். இன்னும் ஒன்றும் இல்லையாம்.

ஒரு அப்பா: "கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேருக்கும் பரிசு வாங்கணுமா?" அவர் கவலை அது மட்டும்.

வயிறு வெடிக்கிறது. தலை பறக்கிறது. நாளையும் போவேன்.

அக்டோபர் 8, புதன்

டானா வீடு. அவளும் கணவரும் போன வருடம் பிரிந்துவிட்டார்கள். மகள் பாதி வாரம் இங்கே, பாதி வாரம் அங்கே. வாசலிலேயே சொன்னேன், "நீங்க இதுக்கு எதிராதான் இருப்பீங்க. வீட்டுலயும் மாத்தம், ஸ்கூல்லயும் மாத்தம்."

டானா உட்காரச் சொன்னாள்.

"போன வருஷம், நீ மட்டும் ஏன் பையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு வீட்டுக்கு அலையிறேன்னு பிள்ளைங்க அவகிட்ட கேட்டுச்சாம். இந்த வருஷம் அவ வந்து சொல்றா, எங்க டீச்சர் கூட அப்படித்தாம்மா, புதன்கிழமை மாறிடுவாங்க, யாரும் அழலன்னு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், கிர்சி."

தாளில் 'ஆதரவு' என்று எழுதினேன். என் கையெழுத்தே எனக்குக் கோணலாகத் தெரிந்தது.

அக்டோபர் 11, சனி

என் கணவன் ஆர்னி சுரங்கத்திலிருந்து வந்துவிட்டான். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே என் புலம்பலைக் கேட்டான். கண்ணாடி, கடைசி வரிசை, கல் தள்ளுதல் எல்லாம். பிறகு கேட்டான்:

"நான் இங்க இருக்கேன்ல. இப்ப என் லாரியை யார் ஓட்டுறான்?"

"ரேமண்ட்."

"அவனும் நானும் ஒருத்தரை ஒருத்தர் வருஷத்துல பன்னெண்டு தடவைதான் பாக்குறோம். துண்டுச்சீட்டுல எழுதி வெச்சிட்டுப் போவான். பிரேக் பாரு, இடது டயர் பாருன்னு. லாரி நல்லாத்தானே ஓடுது?"

"பிள்ளையும் லாரியும் ஒண்ணா?"

"இல்ல. லாரி பேசாது. பிள்ளை பேசும். அவகிட்ட கேட்டியா?"

பதினோரு வீட்டில் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் கேட்கவில்லை.

சாப்பிடும்போது இன்காவிடம் கேட்டேன். அவள் முள்கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "போன வருஷ டீச்சர் திங்கக்கிழமை நல்லா சிரிப்பாங்க. வெள்ளிக்கிழமை சிரிக்கவே மாட்டாங்க. இப்ப வெள்ளிக்கிழமை ரோஷெல் டீச்சருக்கு மூணாவது நாள்தானே, அதனால சிரிக்கிறாங்க."

ஆர்னி உருளைக்கிழங்கைப் பார்த்தபடி இருந்தான். ஜெயித்த முகத்தை மறைக்க அவனுக்கு ஒருபோதும் தெரியாது.

அக்டோபர் 16, வியாழன்

எழுத முடியாமல் கை வலிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நாடினை நேரில் பார்த்துக் கேட்பதென்று கர்லிங் கூடத்துக்குப் போனேன். மதியம் எனக்கு விடுமுறை. கையில் தாள் செருகிய அட்டை, மனதில் மூன்று கடுமையான கேள்விகள். அவள் பனியில் ஒற்றைக்கால் மடித்து வழுக்கிக்கொண்டு வந்தாள். வகுப்பில் பார்க்கிற அதே பெண்ணா என்று இருந்தது.

"நல்ல வேளை வந்தீங்க. எங்க டீம் ஜானிஸுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. கொஞ்ச நேரம் துடைப்பம் பிடிப்பீங்களா?"

"நான் பெற்றோர் சங்கத்துலேருந்து—"

"தெரியும். இந்த ரப்பரை ஷூவுல மாட்டுங்க."

மாட்டினேன். ஏன் மாட்டினேன்? கூட்டத்தில் கையைத் தூக்கிய மாதிரிதான். கல் வருகிறது, அதற்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓட வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கல் இன்னும் தூரம் போகும். நாடின் பின்னாலிருந்து கத்துகிறாள், "தேயுங்க, தேயுங்க, விடாதீங்க". நான் வீட்டில் துடைப்பத்தைத் தொட்டே ஒரு மாதம் ஆகிறது. இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது முறை கல் எதிர்முனையில் வரைந்த இலக்கு வட்டத்தின் நடுவில் போய் நின்றது. என்னால். என் தேய்ப்பால். எதற்கு அப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை, மூச்சு முட்டும்வரை சிரித்தேன்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். மூன்றில் ஒன்றுதான் நினைவில் இருந்தது. "பிள்ளைங்களை விட ஆட்டம் முக்கியமா?"

அவள் கையுறையைக் கழற்றினாள். "பதினாலு வருஷமா ஸ்கூல் முடிஞ்சு ராத்திரி வந்து ஆடுவேன். மறுநாள் பாதித் தூக்கத்துல பாடம் நடத்துவேன். அப்ப யாரும் என்னைக் கேள்வி கேக்கல, கிர்சி. வேலையை விட்டுடலாம்னுதான் இருந்தேன். ரோஷெலும் விடறதா இருந்தா. ரெண்டு பேரும் விட்டிருந்தா உங்களுக்கு ஒரு முழு டீச்சர் கிடைச்சிருப்பாங்க. எங்க ரெண்டு பேரையும் இழந்திருப்பீங்க."

அதற்குப் பிறகு கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். அவள் வாதாடவில்லை. "அது எங்க தப்பு" என்றாள்.

அக்டோபர் 17, வெள்ளி

தோளைத் தூக்க முடியவில்லை. மேல்தட்டிலிருந்து இருமல் மருந்து எடுக்க ஆளைக் கூப்பிட்டேன். நாள் முழுக்கச் சிரிப்பு வருகிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

கூட்டம். பதினெட்டு வீடும் வந்திருந்தது. நாற்காலி பற்றாமல் நான்கு பேர் பிள்ளைகளின் நாற்காலியில், முழங்கால் காதருகே வர உட்கார்ந்திருந்தார்கள். ஆர்விஸ் என்னை அழைத்தார்.

எழுந்ததும் முதலில் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் எதிராகத்தான் ஆரம்பித்தேன், நடுவில் போய் நாடினுடன் பனியைத் தேய்த்துவிட்டு வந்தேன், இரண்டு முறை விழுந்தேன், அதனால் என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், வீடுகள் சொன்னதை மட்டும் படிக்கிறேன் என்று. சிரிப்பு. ஸ்டிக்கில் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் படித்தேன். கண்ணாடி விஷயத்தையும் படித்தேன், அது என் வீட்டுப் புகார் என்று சொல்லியே. பெயர் சொல்லாமல் டானா சொன்னதையும் படித்தேன். பின்வரிசையில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டிக்கில் எழுந்தார். "குழந்தைக்காகன்னா நான் ஒத்துக்கிறேன். விளையாட்டுக்காகன்னா மாட்டேன்."

ரோஷெல் கை தூக்கினாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் பேசினாள். "நான் பாதி வாரம் வீட்டுக்குப் போய் என்ன பண்றேன்னு நீங்க கேக்கல சார். நான் தூங்குறேன். குழந்தை தூங்கும்போது நானும் தூங்குறேன். நாடின் உழைக்கிறா. கேக்கறதுன்னா என்னைத்தான் கேக்கணும்."

ஸ்டிக்கிலின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "என் பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒரே கருப்பைல பங்கு போட்டுட்டு வந்தவங்க. ஒரு வகுப்பைப் பங்கு போடறதுல என்ன ஆயிடப்போகுது, உக்காருங்க." அறையே குலுங்கியது. குழந்தை விழித்து அழுதது.

டீச்சர்கள் இரண்டு வாக்குறுதி கொடுத்தார்கள். புதன் மதியம் அரை மணி இருவரும் வகுப்பில் சேர்ந்து இருப்பார்கள். பெற்றோர் ஒருத்தியிடம் சொன்னது அன்றே மற்றவளுக்கு எழுத்தில் போகும்.

பதின்மூன்று ஆதரவு, ஐந்து எதிர்ப்பு. ஸ்டிக்கில் வீடு ஆதரவில் சேர்ந்தது. கை தூக்கியது அவர் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

வாரியத்தின் கடிதம் வந்தது. ஜூன் வரை இருவரும். இன்காவிடம் சொன்னேன். "சரி" என்றாள், வரைந்துகொண்டே. அவளுக்கு அது செய்தியே இல்லை.

நவம்பர் 12, புதன்

கடை முதலாளி வால்டரிடம் பேசினேன். பாதி வாரம் மட்டும் வேலை: ஒரு மாதமாக மனதில் ஓடியதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். "சம்பளமும் பாதிதான்." தெரியும் என்றேன். "அந்த மத்த நாள்ல என்னம்மா பண்ணப் போறே?" "பனியில கீழ விழப் போறேன்" என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

காலையில் கடையைத் திறந்தவுடன் ஒரு பெரியவர் வந்தார். நான் மருந்தை எடுத்து வைத்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை இருக்கிற பொண்ணு இல்லையா? லொரெட்டா. அவ எல்லாத்தையும் நிதானமா சொல்லுவா."

மற்ற பாதி வாரம் என் இடத்தில் அவள்தான்; வியாழக்கிழமை வருவாள் என்றேன். அப்போதே வருகிறேன் என்று மருந்தை வாங்காமலே போய்விட்டார். ஒரு நிமிடம் சுருக்கென்றது. பிறகு துண்டுச்சீட்டை எடுத்து லொரெட்டாவுக்கு எழுதினேன்: "ஒருவர் உன்னைக் கேட்டு வந்தார். நீல மாத்திரை, இரண்டாவது தட்டு. என்னைவிட நீதான் நிதானமாம்." கல்லாவில் ஒட்டினேன். மதியம் வரை அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வந்தது.