தும்பெடுத்த கிழங்கு

இஞ்சாருங்கோ,

உங்கள் முப்பத்தோராம் நாள் வருகிறது. நினைவு மலருக்கு நீங்களும் ஏதாவது எழுதுங்கோ அம்மா என்று மகள் தாளைத் தந்தாள். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. உங்களோடு கதைக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

வள்ளத்தை மருமகன் கொண்டுபோகிறார். நண்டு நன்றாகப் படுகிறதாம். இப்போது எங்கள் பின்வளவிலும் பனங்கிழங்கு கிண்டத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஏலாமல் இருக்கிறது.

வயிறு ஊதி, குடித்த தண்ணீரும் திரும்பி வந்து, உங்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு ஓடினோமே. குடலில் புற்றுநோய்க் கட்டி வழியை அடைத்துவிட்டது, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். வெட்டினால் மலம் போக வயிற்றில் பை கட்ட வேண்டிவரும், உங்கள் உடம்பு தாங்காது. பின்வழியால் ஒரு கம்பிவலைக் குழாயை விட்டால் அது உள்ளே விரிந்து வழி விடும் என்றார் டொக்டர்.

"ஆனா இது புற்றுநோய் வருத்தத்தை மாத்தாது. குழாய் விலகலாம், திருப்பி அடைக்கலாம், குடல் ஓட்டையாகவும் கூடும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சொன்னீர்கள், "இவ்வளவு காலமும் நான் கடலிலை மீனுக்குக் கம்பிக்கூடு வைச்சனான். இப்ப டொக்டர் எனக்கு வைக்கிறார். வைக்கட்டும்."

குழாய் வைத்த பிறகு, வழி திறந்ததோ என்று அறிய டொக்டருக்கு ஒரே கேள்விதான். "ஐயா, காத்துப் பறிஞ்சதோ?" தாதிப் பிள்ளை நிற்கிறாள் என்று நீங்கள் வெட்கத்தில் கூரையைப் பார்ப்பீர்கள். அடுத்த நாள் விடிய, பெரிய சத்தமாகவே அது போனது. பக்கத்துக் கட்டில் அண்ணை, "டொக்டரிட்டைச் சொல்லத் தேவையில்லை, அவருக்கே கேட்டிருக்கும்" என்றார். ஆஸ்பத்திரி வாட்டே சிரித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நார், தும்புள்ளதெல்லாம் குழாயில் சிக்கும். கீரை, முருங்கைக்காய், பனங்கிழங்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள். சோற்றைக் குழைத்து, மீனில் முள் பார்த்து, சொதியை வடித்துத் தந்தேன். கதிரையில் இருந்து உங்கள் கையாலேயே சாப்பிட்டீர்கள். அந்த மாதங்களை எங்களுக்குத் தந்தது அந்தக் குழாய்தான்.

பக்கத்து வீட்டில் கிழங்கு அவிக்கிற வாசம் வந்த அன்று கேட்டீர்கள்.

"இஞ்சாரும், ஒரு துண்டு. சப்பிப்போட்டுத் துப்பிறன்."

"ஏலாது."

"சத்தியமாத் துப்புவன்."

"உங்கடை சத்தியம் எனக்குத் தெரியாதே? சுருட்டை விட்டதும் இப்பிடித்தானே."

சிரித்துவிட்டீர்கள்.

பிறகு மறுபடியும் வயிறு ஊதியது. நான் டொக்டரிடம் ஓடினேன். "நான் குடுத்த ஏதும் சிக்கினதோ?"

"இல்லையம்மா. சாப்பாட்டாலை இல்லை. கட்டி வலைக் கண்ணுக்குள்ளாலை வளர்ந்திட்டுது."

முதல் குழாய்க்குள்ளேயே இன்னொன்று வைத்தார்கள். அதுவும் வழி விட்டது. ஈரல்தான் கைவிட்டது. கடைசி மட்டும் பை இல்லாமல், வாந்தி சத்தி இல்லாமல், எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடினீர்கள்.

அப்படியென்றால் ஒரு துண்டு தந்திருக்கலாமோ? நீங்கள் துப்பியிருப்பீர்களோ?

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு உங்களுக்கு விருப்பமானதெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்தோம். நண்டுக் கறி, கள்ளு, சுருட்டு. அவித்த கிழங்கோடு நான் இலைக்கு முன்னால் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

"மச்சாள், என்ன செய்யிறியள்?"

குனிந்து பார்த்தேன். கிழங்கைப் பிளந்து, தும்பை ஒவ்வொன்றாக இழுத்து எறிந்து, மிச்சத்தைக் குழந்தைப்பிள்ளைக்கு மசிப்பதுபோல மசித்து இலையில் வைத்திருக்கிறேன்.

"அண்ணையை இனித் தும்பு என்ன செய்யும், மச்சாள்?"

என் கை நிற்கவில்லை. பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்து, அடுத்த கிழங்கை எடுத்து அவளும் தும்பெடுத்தாள்.

வருசம் திரும்ப, உங்கள் ஆட்டைத் திவசமும் கிழங்குக் காலத்தில்தான் வரும். அன்றைக்கு முழுக் கிழங்காக, தும்போடு வைப்பேன். நீங்களே உரித்துச் சாப்பிடுங்கோ. துப்பாமல் விழுங்கினாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

மண்டைதீவிலிருந்து,
நீங்கள் 'இஞ்சாரும்' என்று கூப்பிட்ட உங்கள் மனைவி